ஒரு தட்டு வெள்ளைச் சோறும் கொஞ்சம் மரத்தூளும்

பென்னலூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

மணிமங்கலத்தில் மாவு மில் நடத்தி, தலை நரைத்ததா மாவு படிந்ததா என்று ஊரையே இன்னும் முடிவு கட்ட முடியாமல் தவிக்க வைத்திருக்கும் என் மச்சான் சுப்பராயன் அவர்களுக்கு, உங்கள் தங்கை காவேரியின் புருஷன் கோதண்டம் கைகூப்பி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் சுகமாக இருந்தால்தான் என் பெண்டாட்டிக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும். போனிலேயே பேசியிருப்பேன். நீங்கள் எடுத்த உடனே அவள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள், அவள் என் குரலைக் கேட்டு ஒரு இருமல் இருமிவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் மாடியில் குடியிருக்கும் மாரிராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். காவேரியின் இருமல், அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு எடுக்கிற ஒத்திகை என்று உங்கள் எதிரிலேயே கேலி பண்ணினேன் அல்லவா? ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மாவிடம் போன அன்று நடந்ததை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. அந்தம்மா இவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "வீட்ல இன்னா வேலை பண்றீங்க? கொஞ்சம் மூக்கைச் சிந்துங்க" என்றார். சிந்தினேன். வெள்ளைக் கைக்குட்டையில் பைன் மரம் வந்தது. கம்பெனிகளில் மிஷினை இறக்கிவிட்டுக் கழித்துப் போடும் பெட்டிப் பலகையை வாங்கி, வீட்டோரத்து ஷெட்டில் அறுத்துத் தேய்த்து ஹாஸ்டல் பையன்களுக்குக் கட்டில் அடிக்கிறவன் நான். எந்தெந்த நாட்டிலிருந்தோ கப்பலேறி வந்த பலகை கடைசியில் என் மூக்கில் குடியேறியிருக்கிறது. "கண்ணுக்குத் தெரியற தூள் தரையில வுழுந்துடும். தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள்ள போவுது" என்று டாக்டரம்மா சொன்னதும் காவேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதைத் தடுக்கிற மாஸ்க் இன்னும் கடைக்கு வரவில்லை.

அன்றைக்கே பையைத் தூக்கிவிட்டாள். வாசலில் நின்று நிபந்தனை வேறு போட்டாள். "யோவ், மிஷின் ஓடசொல்ல பக்கத்துல ஒரு தட்டு வெள்ளைச் சோறு வை. வேலை முடிஞ்சதும் அதை நீயே துன்னு. பல்லுல நறநறங்கலன்னா போன் பண்ணு, வர்றேன். அதுவரைக்கும் எங்கண்ணன் வூடுதான்." தூளுக்குப் பயந்து மாவு மில்லில் போய் ஒளிந்த பெண்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே இவள் ஒருத்திதான் மச்சான். உங்கள் வீட்டில் யாராவது தும்மினால் பக்கத்தில் நிற்கிறவன் தோசைக்குத் தயாராகிவிடுகிறான். கேட்டால், அது சாப்பிடுகிற தூளாம். கிண்டல் கிடக்கட்டும். அவள் இருமியபோது எனக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. இப்போது வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை. நான் ஒரு ஜோக்கடித்தால் "த்தூ" என்று சொல்ல ஆளில்லாமல் அது அப்படியே சுவரில் மோதித் திரும்பி வருகிறது. எப்படியாவது அந்தச் சோற்றை வெள்ளையாக வைத்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

முதல் யோசனை ரொம்பச் சுலபம். ஷெட்டுச் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்தேன். தூள் வெளியே, நான் உள்ளே. சோறு பாதி வெள்ளை, பாதி சிவப்பரிசி மாதிரி ஆனது. வெளியே போன தூள் எங்கே போனது என்று நான் கவலைப்படவில்லை. அது நேராக மாடிக்கொடியில் காய்ந்த மாரிராஜ் யூனிஃபார்மில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு வேலை கார் கம்பெனி பெயிண்ட் செக்ஷனில். அங்கே கார்மேல் ஒரு தூசி ஒட்டினாலும் ஊரைக் கூட்டிவிடுவார்களாம், உள்ளே விடுவதற்கு முன்னால் ஆளையே நிற்க வைத்துக் காற்றால் ஊதுவார்களாம். இவனை ஊதியதும் அந்த அறையில் மார்கழி மாதம் வந்துவிட்டது. "இன்னாபா, பெயிண்ட் அடிக்க வந்தியா, பவுடர் போட்டுக்கினு பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டு சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். என் எதிரில் வந்து நின்று, "அண்ணாச்சி, நீங்க நல்லாருக்கணும். நான் கேட்டப்ப லீவு குடுக்க மாட்டேன்னாவ. நீங்க வாங்கிக் குடுத்துட்டிய" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது, சிரிப்பும் வந்தது. அப்புறம் அவனே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். "தூளை வெளிய தள்ளாதிய அண்ணாச்சி, உள்ளயே பிடிங்க. மொதல்ல பஞ்சு, அதுக்குப் பொறவு நெருக்கமான துணி. பெருந்தூள் பஞ்சுல நிக்கும், பொடித்தூள் துணியில நிக்கும். காத்து மட்டுந்தான் வெளிய வரும்."

இவ்வளவுதானே என்று காயலான் கடைக்குப் போய், கம்பெனி கழித்துப் போட்ட ஃபில்டர் ஒன்றைத் தூக்கி வந்தேன். அட்டைச் சட்டத்துக்குள் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகத் துணி. கடைக்கார சாம்சன் படித்துப் படித்துச் சொன்னான், "அண்ணே, ஓரத்துல அம்புக்குறி கீது பாரு, அத்தப் பாத்து மாட்டு" என்று. எனக்கா அம்புக்குறி தெரியாது? பெட்டிப் பலகையில் தினமும் பார்க்கிறேனே, அம்பு வானத்தைப் பார்க்க வேண்டும், கவிழ்த்தால் உள்ளே இருக்கிற மிஷின் உடைந்துவிடும். அதனால் டேபிள் ஃபேனைக் குப்புறப் படுக்க வைத்து நாலு செங்கல்மேல் ஏற்றி, அதன் முதுகில் ஃபில்டரை அம்பு வானத்தைப் பார்க்கும்படி வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். ஃபில்டரில் அம்பு என்பது காற்று போக வேண்டிய வழியாம். நான் காற்றை அதற்கு நேர் எதிராக இழுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியோ இரும்புக்கு மஞ்சள் பவுடர் பெயிண்ட் அடித்த இடத்து ஃபில்டர் அது. அவர்கள் வருஷக்கணக்கில் பிடித்து வைத்ததை நான் ஒரே மூச்சில் விடுதலை செய்துவிட்டேன். சோறு எலுமிச்சைச் சோறாகிவிட்டது. நான் கண்ணைத் திறக்க முடியாமல் தெருவுக்கு வந்தால் எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "இன்னா கோதண்டம், மஞ்சத்தண்ணி ஊத்திக்கினியா? எந்தக் கோயிலுக்கு வேண்டுதலை?" என்கிறாள். "காவேரியம்மனுக்குத்தான்க்கா" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

இனி நல்ல சேதி. மாரிராஜ் சொன்ன நெருக்கமான துணி, பெரிய பையாக வேண்டும், வாய்ப்பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். யோசித்துக்கொண்டே பீரோவைத் திறந்தேன். உங்கள் தங்கையின் ஊதா நிற உள்பாவாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. பாப்ளின் துணி, நாடாவோடு. கடவுள் இதை எக்ஸாஸ்ட் ஃபேனுக்காகவே படைத்துவிட்டுப் பெண்களுக்கு இரவல் கொடுத்திருக்கிறார் மச்சான். கீழ்ப்பக்கத்தைத் தைத்து மூடினேன், ஃபேனைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு ஸ்டூலில் நிறுத்தினேன், பின்னால் மெத்தைப் பஞ்சு, முன்னால் வளையத்தைச் சுற்றிப் பாவாடை நாடா. ஸ்விட்சைப் போட்டால் பாவாடை ஊதிக்கொண்டு நல்ல சதைப்பிடிப்பாக எழுந்து நிற்கிறது. கூரை ஷீட்டில் இருக்கும் ஆணி ஓட்டை வழியாக ஒரு வெயில் கோடு விழும். முன்பெல்லாம் அதில் தூள் மிதப்பது சினிமாக் கொட்டகை வெளிச்சம் மாதிரி தெரியும். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு முழுக் கட்டிலைத் தேய்த்து முடித்தேன், அந்தக் கோட்டையே காணோம், தரையில் காசளவு வெளிச்சம் மட்டும்தான் கிடந்தது. தட்டுச் சோற்றை மோர் ஊற்றிப் பாவாடை பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றேன். ஒரு நற கூட இல்லை. சந்திரம்மாள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆகையால் மச்சான் பெரிய மனசு பண்ணி, இதை அவளுக்குப் படித்துக் காட்டி, நாளைக்கே பஸ் ஏற்றிவிட வேண்டியது. பாவாடை சமாச்சாரத்தை மட்டும் தாண்டிப் படிக்கவும். வேறு ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, மில்லுக்குத் தடையில்லாத கரண்ட், உங்கள் புருவத்துக்கு என்றாவது ஒருநாள் பழைய கறுப்பு, எல்லாம் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மச்சான்,
கோதண்டம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது காவேரி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஊதாப் பாவாடை கட்டிய ஒருத்தி காலையிலிருந்து ஷெட்டில் நிற்கிறாள், உன் புருஷன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மோர்சோறு தின்கிறான் என்று சந்திரம்மாள் போன் பண்ணியிருக்கிறாள். காவேரி பையை வாசலிலேயே போட்டாள். நேராக ஷெட்டுக்குள் போய்ப் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நாடா அவிழ்ந்துவிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவும் பையைத் தூக்கிவிட்டாள், இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவருகிறாள். கடிதம், தங்கை இரண்டையும் வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே எடுத்துக்கொள்ளவும்.