சிவபாண்டி பூஜ்யம் தவிர்த்த படலம்

நிகழ்தகவென்னும் நெடுங்கடலை நீந்திக் கடந்தவனே, உருளும் பகடையின் உள்ளம் அறிந்தவனே, "பையன் இன்னும் வீட்லதானா?" என்னும் உறவினர்தம் கூர்ங்கணைகளை ஈராண்டாக மார்பிலே ஏந்திய ஏந்தலே, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செல்லக்கனி பெற்ற சிங்கமே, சிவபாண்டியே, நீ வாழ்க! கணக்குப் போட்டே பங்குகளை வாங்கி விற்கும் மும்பைப் பெருங்கம்பெனி ஒன்றின் இறுதி நேர்காணலில் நீ பொருத கதையைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, சற்று நேரம் என் நாவிலும், அதைவிட முக்கியமாக இவனுடைய அத்தை வீட்டு வைஃபையிலும் அமர்ந்தருள்வாயாக.

களமாவது ராஜபாளையத்து அத்தை வீட்டு மாடியறை. வாயிற்காவல், அவ்வூர்க்கே உரிய வெள்ளை வேட்டைநாய், அது தூங்கிக்கொண்டிருந்தது. வென்றால் மும்பை, தோற்றால் திங்கட்கிழமை முதல் மாமாவின் பேண்டேஜ் துணி மில்லில் வவுச்சர் எழுத வேண்டும்.

அவ்வேளை, மகனுக்குத் துணையாக பஸ் ஏறி வந்திருந்த வீரத்தாய், கேமராவில் படாதபடி கட்டிலோரம் வீற்றிருந்து ஆணை பிறப்பித்தாள்.

"ஏலே, எந்த நம்பரையும் சைபர்ல முடிச்சிராத. முடிச்சா அத்தோட போச்சு. மொய்க்கு வைக்கம்லா, அது மாதிரி ஒண்ணு சேத்துச் சொல்லு. எம்மேல சத்தியம்."

நூற்றியொன்றும் ஐந்நூற்றியொன்றும் மொய் எழுதியே மூன்று தலைமுறையாக உறவு வளர்த்த குலம் அது. மகன் தலையசைத்தான்.

திரையிலே தோன்றினாள் கம்பெனியின் சார்பில் நேர்காண வந்த பிரிஸ்கில்லா, எண்களின் ஒழுங்கை மோப்பம் பிடிக்கும் ஏந்திழை, வந்தோரையெல்லாம் வணக்கம் சொல்லித் திருப்பியனுப்பும் வன்னெஞ்சினள். இருபது பகடைகளை உருட்டி மறைத்துவிட்டு, "மொத்தக் கூட்டுத்தொகை என்னவாக இருக்கும்? அதையே ஒரு பங்காக எண்ணி எந்த விலைக்கு வாங்குவீர், எந்த விலைக்கு விற்பீர்?" என அறைகூவினாள். எழுபதே நடு என்பதை இமைப்பொழுதில் கண்ட நம் வீரன், அறுபதுக்கு வாங்கி எண்பதுக்கு விற்பேன் என்று முழங்கத் திறந்த வாயை, கட்டிலோரத்துக் கண்களைக் கண்டு திருத்தி, அறுபத்தொன்று, எண்பத்தொன்று என்று முழங்கினான். அவள் நெருக்க நெருக்க, ஐம்பத்தொன்று, தொண்ணூற்றொன்று, நூற்றியொன்று என ஒன்றில் முடியும் விலைகளாகவே பொழிந்து தள்ளினான். பிரிஸ்கில்லாவின் ஒற்றைப் புருவம் உயர்ந்தது.

அப்போது எய்தாள் இறுதிக் கணையை. "நியாயமான நாணயம். தலை விழுந்தால் உமக்கு நூறு ரூபாய். பூ விழுந்தால் நீர் எனக்கு நூறு ரூபாய். சராசரியாக ஓர் ஆட்டத்தில் உமது லாபம் என்ன?"

ஐயகோ! பூஜ்யம்! பால்குடி மறவாப் பிள்ளைகளும் அறிந்த பூஜ்யம்! அது அவன் நெஞ்சில் பிறந்து, தொண்டையில் தவழ்ந்து, பல்லிடுக்கில் வந்து நின்றது. இப்பால் மும்பை, அப்பால் தாய்மேல் செய்த சத்தியம். மின்விசிறி திகைத்துச் சுழன்றது. காவல்நாய் கண்விழித்து மீண்டும் உறங்கிற்று. செல்லக்கனி ஆட்காட்டி விரலை மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

"ஒரு ரூபாய்" என்றான் மாவீரன்.

"நியாயமான நாணயத்தில் அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது?"

"எங்கம்மா வச்சது மேடம்."

திரை இருண்டது. சத்தியம் காத்த செம்மல் நிமிர்ந்தெழுந்தான். தாயின் கண்களில் ஆனந்த வெள்ளம் பெருகிற்று. "நல்லா கணீர்னு சொன்னலே, இனி அம்புட்டும் நல்லதாத்தான் நடக்கும்" என்று அவள் வாழ்த்த, மாடிப்படிகள் அதிர இறங்கி, வெற்றி வாகை சூடிய வேந்தனும் வேந்தனைப் பெற்றவளுமாக அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்தாகிய பெருந்தேர் ஏறினர்.

ஊர் நெருங்கி மடவார்வளாகம் தாண்டும்போது வேலை இல்லை என்று மெயில் வந்தது, கண்டக்டர் மீதி ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றார்.