ராட்டைக் கோலமும் ஒரு வாளித் தண்ணீரும்

பெற்ற அப்பாவை உயிரோடு இருக்கும்போதே சாகடித்த மகள் மயிலாப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு வாளித் தண்ணீரால்.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷத்து மார்கழி. எனக்குப் பதினாலு வயது. எங்கள் தெருப் பெண்களுக்கும் சர்க்காரை எதிர்த்து ஏதாவது செய்ய ஆசை. ஊர்வலத்துக்கு யார் விடுவார்கள்? வாசல்வரைதான் அனுமதி. "அப்போ வாசல்லயே பண்ணுவோம்" என்றாள் எதிர்வீட்டுப் பங்கஜம் மாமி. தெரு முழுக்க ராட்டைக் கோலம் போடுவதென்று முடிவாயிற்று. மாதிரி போட்டுக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. (யாரும் கொடுக்கவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன்.) பூசணிப்பூவை மட்டும் ஒருத்தியும் விட்டுத்தரவில்லை. அது சாணி உருண்டையோடு ராட்டைக்கு நடுவில் உட்கார்ந்தது.

விடிந்தபோது பதினெட்டு வாசலிலும் பதினெட்டு ராட்டை, அடியில் 'அந்நியத் துணி வேண்டாம்'. மூன்றாம் வீட்டு ராட்டை ஆட்டுக்கல் மாதிரி இருந்தது. ஆனாலும் தெருமுனையில் நின்று பார்த்தபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரோந்து வந்த கான்ஸ்டபிளுக்கு மார்கழிக் கோலத்தை மிதிக்க மனம் வரவில்லை. சாக்கடை ஓரமாகத் தாண்டித் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இன்னா பாப்பா இது? யாரு போட்டது?"

"எல்லாருந்தான்" என்றேன், ஜெயிலுக்குப் புறப்பட்டவளின் முகத்தோடு.

"நான் கால் வைக்க மாட்டேன்மா. இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கினு வரேன். வூட்டு ஆம்பளைங்க பேரெல்லாம் அவரு எழுதிக்குவாரு."

உள்ளே அப்பாவின் காபி டம்ளர் கீழே விழுந்தது. அப்பா கோட்டையில் சர்க்கார் குமாஸ்தா. அவர் வாசலில் ராட்டை என்று மேலே ஒரு வரி போனால் உத்தியோகம் போச்சு.

"அழிச்சுடும்மா. நாலு வயிறு இந்த உத்தியோகத்தை நம்பிண்டிருக்கு" என்றார். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கை கூப்பாத குறையாகக் கேட்டார். வாளியைத் தூக்கிக் கொட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதேன். அப்பா படபடப்பில் கூடத்தில் கண்ணை மூடி நீட்டிப் படுத்துவிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, போகப்போகும் உத்தியோகத்துக்காக ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

மார்கழி மாதம், கோலமில்லாத வாசல், உள்ளே அழுகை. எங்கள் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு சாதாரணப் புள்ளிக் கோலமாவது போட்டு வைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? பால்காரர் கோவிந்தன் எட்டிப் பார்த்துவிட்டுப் பாலை ஊற்றாமலே திரும்பினார். "குமாஸ்தா ஐயா பூட்டாரு" என்று மற்ற வீடுகளில் பாலோடு சேதியையும் ஊற்றினார்.

தெருவில் சாவு என்றால் எந்த வாசலிலும் கோலம் இருக்கக்கூடாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பதினேழு வாளிகள் கவிழ்ந்திருந்தன. என் ராட்டைகள் எல்லாம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தன.

துக்கம் கேட்க வந்த மாமிகள் கூடத்தில் அழும் சத்தம் கேட்டு அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"யார் போயிட்டா?"

"நீங்கதான்" என்றாள் பங்கஜம் மாமி.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். தெரு பளிச்சென்று இருந்தது. "இங்கதான் கீதுங்க ஐயா" என்று கான்ஸ்டபிள் ஒவ்வொரு வாசலாகக் குனிந்து தேடினார், பாவம். அப்பாவின் உத்தியோகம் தப்பியது. பங்கஜம் மாமி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "போலீஸ் ஒண்ணைக்கூடத் தொடலை. நீ ஒருத்தியா பதினெட்டையும் அழிச்சுட்டே" என்றாள். பொங்கலன்று மறுபடியும் போட்டோம். அன்று யார் வீட்டில் அழுகை கேட்டாலும் நேரில் பார்க்காமல் வாளியைத் தொடுவதில்லை என்று தெருவே தீர்மானித்திருந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து அப்பா நிஜமாகவே போனார். அதுவும் மார்கழிதான். வாசல் வெறுமையாகக் கிடந்தது, அம்மா அழுதாள், ஒருத்தரும் வரவில்லை. பங்கஜம் மாமி மட்டும் தன் வாசலில் நின்றபடியே சிரித்தாள். "ஏண்டி, மறுபடியும் வாளியைக் கவுத்துட்டியா?"

நான் வாசற்படியை விட்டு நகர்ந்து வழி விட்டேன். மாமி மெதுவாக உள்ளே வந்து அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் போயிட்டா என்று அவர் எழுந்து கேட்பார் என்று நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.