கால் பட்டுவிட்டது

எதிராளிக்கு மரியாதை செய்யப்போய்ப் பந்தயத்தைக் கோட்டைவிட்டவன் நான். இப்படிச் சொன்னால் பெருமைபோலத் தோன்றும். ஆகவே நடந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் பல்கலைக்கழக மாணவனாக இருந்தேன். சீமையில் மாணவர்கள் பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது. எங்களுக்கும் ஆசை. ரங்கூனிலோ ஐஸ் சர்பத்துக்கே போதாது. (அதுவும் வாய்க்கு வருவதற்குள் கரைந்துவிடும்.) ஆகவே விடுதிக் கூடத்தின் தேக்குத் தரையில், காலில் சக்கரச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஆடினோம். 'ஐஸ் கூடம்' என்று பெயரும் வைத்தோம்.

அணித்தலைவர் கோ பா தெய்ன், எனக்கு இரண்டு வகுப்பு மூத்த பர்மியர். ஊரின் இன்னொரு பேட்டையான தாமுவே பையன்களோடு பந்தயம் என்றதும் அணியின் நீலச் சட்டையை எனக்கு ஒருநாளைக்கு மட்டும் கொடுத்தார். நன்றாக ஆடினால் அது எனக்கே. இல்லாவிட்டால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நான் அன்றைக்கே கழுத்துப்பட்டையில் 'சு' என்று தைத்துவிட்டேன். (சுந்தரத்துக்குச் 'சு'. நம்பிக்கை அப்படி.)

ஆட்டம் சமநிலை. முடிய ஒரு நிமிஷம். பந்து என் மட்டையில். எதிரே அவர்கள் கோல்காரன் முருகேசன் மட்டும். பாய்ந்தான், தடுமாறி விழுந்தான். கோல் திறந்து கிடந்தது. லேசாகத் தட்டினால் போதும். அந்த நேரம் பார்த்து என் சக்கரம் அவன் தோளை உரசிவிட்டது.

கால் பட்டால் நாம் என்ன செய்வோம்? மட்டையைக் கீழே போட்டேன். குனிந்து அவன் தோளைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். சக்கரத்தின் மேல் நின்றபடி இதைச் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படுத்தபடியே முருகேசன் சொன்னான்: "பரவால்லீங்க. பந்து அந்தாண்ட போவுது, பாருங்க."

பார்ப்பதற்குள், பின்னால் வேகமாக வந்த கோ பா தெய்ன் என் முதுகில் மோதி அந்தப் பக்கம் போய் விழுந்தார். தாமுவேக்காரர்கள் பந்தைக் கொண்டுபோய் எங்கள் கோலில் போட்டார்கள்.

கோ பா தெய்ன் எழுந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. பர்மியத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: "கும்பிட்டு முடிச்சாச்சா?"

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், 'சு'வோடு. (அடுத்து அதைப் போட்டுக்கொண்டவன் பெயர் மாங் லத். எத்தனை பேருக்கு விளக்கம் சொன்னானோ.)

இப்படி ஒருவனை வீட்டில் காட்டியே ஆகவேண்டும் என்று மறுவாரம் முருகேசன் என்னைச் சாப்பிட அழைத்துப்போனான். அவன் தங்கையைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் வீட்டில் என் கால் யார்மேலாவது பட்டு நான் குனிந்தால், அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"மொதல்ல கோலைப் போடுங்க. அப்புறம் கும்பிடலாம்."