தாய்மாமன் சீரில் ஒரு தொலைக்காட்சி

மனைவியிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று நான் பூண்ட உறுதி, கூரியர்காரர் எங்கள் சிதம்பரம் வீட்டின் அழைப்புமணியை அழுத்தும் வரை அசையாமல் நின்றது.

பெரிய பெட்டி. உள்ளே, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். அனைத்தையும் சேர்த்தால் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உருவாகும். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால், நான் பள்ளிப் பருவத்தில் விளையாடிய வீடியோ கேமின் குள்ள வீரன் திரையில் பள்ளம் தாண்டி ஓடுவான். தலை நரைத்த கூட்டுறவு வங்கி எழுத்தர் ஒருவர் தமக்காக வாங்கும் பொருளா இது? ஆம். ஆனால் அதை மலர்க்கொடியிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

“பொட்டியில என்னா மாமா?”

“வெண்மதிக்கு. காது குத்துறாங்க இல்ல? தாய்மாமன் சீரு.”

வெண்மதி, கிள்ளையில் வாழும் என் தங்கை கயல்விழியின் மகள்.

“ரெண்டு வயசுப் புள்ளைக்கா?”

“வளரும் இல்ல?”

மலர்க்கொடி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நல்ல யோசனை மாமா” என்றாள். எங்கள் இல்லறத்தில் என் யோசனையை அவள் பாராட்டியது அதுவே முதல் முறை. நான் அப்போதே அஞ்சியிருக்க வேண்டும்.

“ஒரு துண்டு குறைஞ்சாலும் சபையில மானம் போயிடும். கட்டிப் பாத்துடுறேன்.”

“பாருங்க. நானும் ஒத்தாசை பண்றேன்.”

ஞாயிறுதோறும் கூடத்தில் கட்டுமானம் நடந்தது. கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து, இட்லித் தட்டுக் குழிகளில் இட்டுத் தந்தாள் அவள். நான் பொருத்தினேன், அவள் பிடுங்கினாள்.

“அங்க இல்ல மாமா. படத்தப் பாருங்க.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிதான் டிவியத் தலகீழா நிக்க வெச்சிருக்கீங்களா?”

இட்லித் தட்டு பணியில் இருந்தமையால் வீட்டில் மூன்று வேளையும் தோசை. நான் முறையிடவில்லை. கடைசிக் கட்டை அமர்ந்ததும் கைப்பிடியைச் சுழற்றினேன். வீரன் ஓடினான்! மலர்க்கொடி கைதட்டி, “நானு, நானு” என்று கைப்பிடியைப் பறித்துக்கொண்டாள். அவளுடைய அந்த மகிழ்ச்சியே தக்க தருணம் என்று கருதி, என் திட்டத்தின் இறுதிப் பகுதியை அரங்கேற்றினேன்.

“இதப் பிரிச்சுப் பொட்டியில போட்டா வீணாப் போயிடும் மலரு. எவ்ளோ பாடுபட்டோம்! பாப்பாவுக்கு ஒரு கரடி பொம்ம வாங்கிடலாம்.”

“ஆமா மாமா. பிரிக்கவே வேணாம்.”

வென்றேன்! அன்றே அலமாரியின் நடுத்தட்டை அதற்காகக் காலி செய்தேன்.

காது குத்தும் நாளில் நான் முன்னதாகவே கிள்ளைக்குச் சென்று பந்தலில் அமர்ந்திருந்தேன். மேளம் முழங்க, உறவுப் பெண்கள் சூழ, மலர்க்கொடி சீர்த் தட்டுகளோடு வந்தாள். பழத் தட்டு, பூத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு. நடுநாயகமாக ஒரு தாம்பாளம். அதில், மல்லிகைச் சரம் சூடி, குங்குமப் பொட்டிட்டு, என் தொலைக்காட்சி.

“என்னாடி இது?”

“நீங்கதான பிரிக்க வேணாம்னீங்க? முழுசாவே கொண்டாந்துட்டேன்.”

சபையில் தாய்மாமன் என்ன பேச முடியும்? வெண்மதியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி காது குத்தினார். அவள் அலறினாள். அமைதிப்படுத்த, நானே கைப்பிடியைச் சுழற்ற வேண்டியதாயிற்று. வீரன் ஓடினான், கண்ணீரோடு அவள் சிரித்தாள். என் கண்களும் கலங்கின. காரணம் வேறு.

பந்தி முடிந்ததும் தங்கையைத் தனியே அழைத்தேன்.

“எல்லாம் சின்னச் சின்னத் துண்டு, கயலு. பாப்பா வாயில போட்டுக்கும். அது வளர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்.”

“அத அண்ணி காலையிலயே போன்ல சொல்லிட்டாங்கண்ணே. பாப்பாவுக்கு வெள்ளிக் கொலுசப் போட்டுட்டு, டிவிய அவுங்க பொறுப்புல எடுத்துக்கிட்டாங்க.”

தொலைக்காட்சி வீடு திரும்பி, நடுத்தட்டில் அமர்ந்தது. ஆவலோடு கை நீட்டினேன்.

“அடுத்தவங்க பொருள் மாமா. தொடக் கூடாது.”

“நீ மட்டும் சுத்துற?”

“சுத்தலன்னா துரு புடிச்சிடும்.”

“பிளாஸ்டிக்கு எப்புடிடி துரு புடிக்கும்?”

“செத்த தள்ளி நில்லுங்க மாமா. பள்ளம் வருது.”

இப்போது மாலைதோறும் குள்ள வீரன் ஓடுகிறான், மலர்க்கொடி ஓட்டுகிறாள், நான் இட்லித் தட்டு கழுவுகிறேன்.