கீழ்ப்பாதி திறக்காத சன்னல்

இனி மிச்ச நாளெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வேலுமணி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை விற்றார். ஆத்தாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் தப்பாகிப்போனது.

முப்பது வருஷம் அவர் வடக்கே ஊர் ஊராகப் போர் போட்டார். முப்பது வருஷமும் ஆத்தாயி திருச்செங்கோட்டு வீட்டில் தனியாக இருந்தாள். பேச்சுத்துணைக்குச் சமையலறைச் சன்னல். சந்துக்கு அந்தப் பக்கம் ரோஷன் பீவியின் சன்னல். இப்போது வேலுமணி கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து சிரிப்பு வரும். அவர் போய் நின்றால் நின்றுவிடும்.

“என்ன சங்கதி புள்ள?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சிரிச்சீங்களே.”

“அது எங்களுக்குள்ளங்க.”

ஆயிரம் அடிப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்த மனுஷர். சொந்த வீட்டில் எத்தனை கேள்வி இறக்கினாலும் புழுதிதான் வந்தது.

இங்கிலாந்தில் இருக்கும் மகள் தனப்பிரியா போனில் முகம் காட்டிப் பேசியபோது, அவளுக்குப் பின்னால் ஒரு சன்னலைப் பார்த்தார். இரண்டு கண்ணாடிச் சட்டம், ஒன்றின்மேல் ஒன்று. மேலதை இறக்கலாம், கீழதை ஏற்றலாம். எப்படித் திறந்தாலும் பாதிதான். கீழ்ச் சட்டத்துக்கு மங்கல் கண்ணாடி போட்டு, ஒரு பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால்? மேல்பாதி மட்டும் இறங்கும். ஆத்தாயியின் உயரத்துக்கு வானம்தான் தெரியும், பீவி தெரியமாட்டார்.

“சமையக்கட்டுக்குச் சீமைச் சன்னலு வெக்கலாம் புள்ள. மேல தொறந்தா சூடெல்லாம் போயிரும்.”

“கீழ தொறந்தா?”

“ஈ வரும்.”

“ஈக்கு மேல வரத் தெரியாதுங்களா?”

“சீமையில தெரியாதாம்.”

ஆத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “செரீங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் செரி சொன்னதில்லை.

சன்னல் வந்தது. வீடு ஊமையானது. ஆத்தாயி வந்து எதிரில் உட்கார்ந்தாள். வேலுமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பேசு புள்ள.”

“என்னத்தப் பேச?”

“பீவிகிட்டப் பேசறதத்தான்.”

“செரி. நம்ம ரஞ்சனிக்கு மாப்ள அமைஞ்சிருச்சு.”

“ஆரு ரஞ்சனி?”

“பாத்தீங்களா” என்றாள்.

பிறகு அவர் நாக்பூர்ப் பக்கம் துளைக்குள் குழாய் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னார். பாதியில் அவள் தூங்கிப்போனாள். எதிரே ஆள் இருந்தும், லாரிக்கடியில் ஒண்டியாகப் படுத்த ராத்திரிகள் அவருக்கு ஞாபகம் வந்தன. அங்கே குழாயாவது சத்தம் போடும்.

மறுநாள் வாசலில் ரோஷன் பீவி நின்றார்.

“அக்கா வரச்சொன்னாங்கண்ணா.”

“வா பீவி, உள்ள வா” என்று ஆத்தாயி ஓடிவந்தாள். “சன்னல அடைச்சதும் நல்லதாப் போச்சு. இத்தன வருசம் நின்னுட்டே பேசி எனக்கு முட்டி போச்சு. ஏனுங்க, எந்திரிச்சு அந்த நாற்காலியக் குடுங்க. அப்படியே டீ வெச்சிருங்க.”

வேலுமணி பால் பொங்கக் காத்து நின்றார். கூடத்தில் சிரிப்பு அலையடித்தது. சமையலறையில் புழுக்கம் தாங்கவில்லை. சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கீழ்ச் சட்டத்தை மேலே தூக்கினார். சந்துக்கு அந்தப் பக்கம் பீவியின் வீட்டுக்காரர் நசுருல்லா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் இருவரும் தலையாட்டிக்கொண்டதோடு சரி.

“டீங்களா பாய்?”

“ஆமாங்க. நீங்க?”

“டீதாங்க.”

இருவரும் அவரவர் பாலைப் பார்த்தார்கள். நசுருல்லா சன்னல் பக்கம் தலையை நீட்டினார்.

“என்ன சொல்லிச் சிரிக்கறாங்க?”

“தெரியலீங்க பாய். ஊட்டுக்கு வந்து உங்ககிட்டச் சொல்லுவாங்களா?”

“ம்ஹூம்.”

கூடத்திலிருந்து ஆத்தாயியின் குரல் வந்தது.

“ஏனுங்க, அந்தச் சன்னலச் சாத்திப்போட்டுப் பேசுங்க. நாங்க பேசறது எங்களுக்கே கேக்க மாட்டீங்குது.”