அந்த இரண்டு விரல்கள் உடைந்தவை அல்ல

'சிற்றுரு' மாத இதழின் ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

ஷிசுவோகாவிலிருந்து உன்னோ கோஹெய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வருடம் மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்கவும், தங்கள் அலமாரியில் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஈரம் ஏறாமல் இருக்கவும் வேண்டுகிறேன். தங்கள் இதழைப் பதினான்கு வயதிலிருந்து படித்துவருகிறேன். பெரும்பாலும் கடையில் நின்றபடியே படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம் என்று முடிவு பண்ணி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை இதழ், முப்பத்தெட்டாம் பக்கம். பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரிகள் செய்யும் எங்கள் தொழிற்சாலையின் பிரிவுத் தலைவர் மகிதா கட்டிய மாதிரி மீன்பிடிப் படகுக்குத் தாங்கள் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். வண்ணத்தில் வரவழைத்த துருவைப் புகழ்ந்திருக்கிறீர்கள், கயிற்றைப் புகழ்ந்திருக்கிறீர்கள். கடைசி வரியில், 'ஒரே குறை, பின்தளத்தில் உட்கார்ந்திருக்கும் மனித உருவின் வலது கையில் இரண்டு விரல்கள் கவனக்குறைவால் உடைந்திருப்பது' என்று முடித்திருக்கிறீர்கள். ஐயா, அவை உடையவில்லை. நான் வெட்டினேன். கத்தியில் புது அலகு மாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். அந்தப் படகையும் மகிதா கட்டவில்லை. நான்தான் கட்டினேன். ஆனால் முதலாவதைத் திருத்தினால் போதும். இரண்டாவதைத் திருத்தச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று இதை எழுதி முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், ஆனால் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் என்னை அங்கே அனுப்பியிருக்கிறது. மூன்று வருடம்வரை அனுப்பலாம், அதற்கு மேல் தொழிற்சாலை என்னைச் சொந்த ஆளாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். என் மூன்று வருடம் செப்டம்பரில் முடிகிறது. அவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஊழியர்களுக்குள் மாதிரி கட்டும் போட்டி நடத்துகிறார்கள், அதில் நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். பாகங்கள் ஒட்டியபடி அச்சிலிருந்து சூடாக வரும் பிளாஸ்டிக் சட்டங்களை நாள் முழுக்கக் கையில் எடுத்து அடுக்குகிறவனுக்கு அதைக் கட்டிக் காட்ட உரிமை கிடையாது. போன வருடம் மகிதா ஒரு படகுப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உனக்குப் போட்டியில சேர அனுமதி கிடையாது. எனக்குக் கட்ட நேரம் கிடையாது. ரெண்டு பேர் குறையும் தீருதுல்ல?" என்றார். "அடுத்த செப்டம்பர்ல உன்னை நிரந்தரமாக்குற பேப்பர் என் மேஜைக்குத்தானே வரும்" என்றும் சொன்னார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை, நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் ஒரு கைவினைஞர் என்ற முறையில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினேன். ஒவ்வொரு பாகத்தையும் சட்டத்திலிருந்து இரண்டு வெட்டாக எடுத்தேன், முதல் வெட்டு தள்ளி, இரண்டாம் வெட்டு ஒட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து. அதெல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மாலுமி அறையின் கண்ணாடிக்கு அவசரப்பட்டு உடனடிப் பசை வைத்தேன், அதன் ஆவி பட்டு ஆறு ஜன்னலும் கண்புரை வந்த மாதிரி வெளுத்துப்போயின, ஒரு ஞாயிறு முழுக்கப் பல் விளக்கும் பேஸ்ட்டை வைத்துத் துடைத்தேன். அது தெளிந்ததும், அழுக்கு வழிந்த மாதிரி கோடு இறக்குகிறேன் என்று பழுப்பு வண்ணத்தில் தின்னரைத் தாராளமாகக் கலந்து ஓடவிட்டேன், அது கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கில் போய் நின்று, விறைப்பாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் தின்று, மறுநாள் தொட்டதும் பதினோரு இடத்தில் பொடுக்கென்று விட்டுப்போனது. புதுக் கம்பிக்கு மிச்சச் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து நூலாக்கினேன், அது தலைமுடி மாதிரி அருமையாக வந்தது, அந்த சந்தோஷத்தில் என் தலைமுடியும் கொஞ்சம் மெழுகுவத்திக்குள் போய்விட்டது.

அப்புறம் நங்கூரம். சாமணத்திலிருந்து தெறித்தது, அவ்வளவுதான், உலகத்திலேயே இல்லை. பாயைத் தூக்கிப் பார்த்தேன், குப்பையைக் கொட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து வாசலில் பையைச் சோதனை போடும்போது என் மடித்துவிட்ட கால்சட்டை ஓரத்திலிருந்து காவலாளி முன்னாலேயே விழுந்தது. ஐயா, எங்களை மாதிரி ஒப்பந்த ஆட்களின் பைகளை மட்டும்தான் சோதனை போடுவார்கள், நிரந்தர ஊழியர்கள் பக்கத்து வாசல் வழியாக வணக்கம் வாங்கிக்கொண்டு போவார்கள். "பாகம் திருடுறியா?" என்றார் காவலாளி. எனக்குப் பின்னால் நின்ற கவாய் அக்கா, பெட்டி கட்டும் பிரிவில் இருப்பவர், "ஏங்க, திருடுறவன் முழுப் பெட்டியைத் திருட மாட்டானா? நங்கூரத்தை மட்டும் எடுத்துட்டுப் போய் இவன் எங்க நிறுத்தப் போறான்?" என்று கத்தினார். நானும் கத்தினேன். மரியாதை இல்லாமலே கத்தினேன். எனக்குக் கத்தத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மனித உருவுக்கு வருகிறேன். பெட்டியில் ஆள் கிடையாது. நான்தான் என் பழைய ரயில் நிலைய மாதிரிப் பெட்டியிலிருந்து ஒரு அலுவலக ஆசாமி பொம்மையை எடுத்தேன். கைப்பெட்டியை வெட்டினேன், டையைச் சுரண்டினேன், பட்டிப் பசையை அப்பி ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டேன், கழுத்தில் ஒரு துண்டு சுற்றினேன், கவிழ்த்த பீர் கூடைமேல் ஒரு காலை மடக்கி உட்கார வைத்தேன். இரண்டரை சென்டிமீட்டர் உயரம். வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் வெட்டினேன். அது என் அப்பா, உன்னோ இசாமு, யாய்சு துறைமுகத்து மீனவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் படகில் வலை இழுக்கும் விசையில் சிக்கி அந்த இரண்டு விரலும் போயின. விசையை நிறுத்தும் தடை தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று அவர் படகு முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். முதலாளி எழுதிக் கொடுத்த அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அந்த வார்த்தை எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எங்களோடு வளர்ந்தது. அதைத்தான் தாங்கள் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சொல்லியிருக்க வேண்டிய நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

படகு போட்டியில் முதல் பரிசு வாங்கியது. மகிதாவை மே மாதக் கண்காட்சியில் எல்லார் முன்னாலும் கட்டிக் காட்டச் சொன்னார்கள். என்னை உதவியாள் என்று பின்னால் நிற்க வைத்தார். தலைவர் வெட்டுக் குறட்டைத் திருப்பிப் பிடித்தார், தட்டைப் பக்கம் பாகத்தை ஒட்டியிருக்க வேண்டும், அவர் சரிவுப் பக்கத்தை வைத்து அழுத்தினார், பாதிப் பாகம் சட்டத்தோடு நின்றுவிட்டது. "இப்படியும் வெட்டலாம்" என்றார். கூட்டத்தில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் துரு வண்ணத்தைத் தின்னர் கலக்காமல் கெட்டியாக ஊற்றினார். "தலைவரே, பால் மாதிரி இருக்கணும், பால் மாதிரி" என்று காதில் சொன்னேன். "என்ன, பால் வேணுமா?" என்றார் சத்தமாக. துப்புக்குழாய் அடைத்துக்கொண்டது, அவர் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், அது அப்போதுதான் திறந்தது. மேடையில் அவர் முகம் துருப்பிடித்து நின்றபோது நான் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் கடைசியாக நன்றாகச் சிரித்தது அன்று காலை பதினோரு மணிக்கு.

பதினொன்றரைக்கு அப்பா வந்துவிட்டார். நான் கூப்பிடவே இல்லை. கம்பெனிக் கண்காட்சி என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன், மனுஷன் ரயில் ஏறி வந்துவிட்டார், கையில் எனக்கு வறுத்த மீன் அப்பம் ஒரு பொட்டலம். நேராகக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றார். பக்கத்தில் பார்வையாளர்களுக்கு வைத்திருந்த உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் அப்பா என்று சொன்னேன்.

"அப்படியா! உங்க பையன் நல்லா பெட்டி தூக்குவான்."

"கேக்க சந்தோஷம். இதுல உக்காந்திருக்கிற ஆள் யாருங்க?"

"யாருமில்லைங்க. படகோட அளவு தெரியணும்ல, அதுக்கு ஒரு பொம்மை."

அப்பா உருப்பெருக்கியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். வேண்டுமென்றே மாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. மூன்று விரல் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததை மகிதா பார்த்தார், ஆனால் எதையும் பார்க்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் கை தெரியாது, கையில் இருக்கும் பெட்டிதான் தெரியும்.

"ரெண்டு விரலைக் காணோமே?"

"அதுவா, கட்டும்போது உடைஞ்சிருச்சு. என் கவனக்குறைவு" என்று தலையைச் சொறிந்து சிரித்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்படியா, கோஹெய்?"

ஐயா, காவலாளியிடம் கத்தின வாய் இது. ஆள் அனுப்பும் நிறுவனத்துக்காரனிடம், வாடகை வீட்டுக்காரனிடம், நகராட்சியில் வரிசையில் நிற்கும்போது, எங்கே வேண்டுமானாலும் கத்துகிற வாய். நான் "ஆமாப்பா. உடைஞ்சிருச்சு" என்று சொன்னேன். தலையைக்கூட ஆட்டினேன்னு நெனைக்கிறேன்.

அப்பா உருப்பெருக்கியை இருந்த எடத்துலயே வச்சுட்டுக் கெளம்பினார். ரயில் நிலையம்வரைக்கும் கூடப் போனேன். டிக்கெட் வாசல் கிட்ட வந்ததும் சொன்னார். "உங்க தலைவர் கெட்டிக்காரர்டா. கை தவறி உடைச்சாலும் சரியா அந்த ரெண்டு விரலாப் பாத்து உடைச்சிருக்காரு." அப்புறம் மீன் அப்பத்தை என் கையில திணிச்சிட்டு, "ஆறிடும், சாப்பிடு" என்று உள்ளே போயிட்டார். நான் நடைமேடைக்கு வெளியில நின்னு மொத்தப் பொட்டலத்தையும் தின்னேன். ருசியா வேற இருந்தது, அதுதான் இன்னும் அசிங்கமா இருக்கு.

அதோடு முடிந்திருந்தால் எனக்குள்ளேயே வைத்துப் புதைத்திருப்பேன். தங்கள் இதழ் வந்தது. நான் அதை வீட்டுக்கு அனுப்பவில்லை. அம்மாதான் போன் பண்ணினாள். அப்பா துறைமுகத்துப் பக்கம் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தாராம், அவர் புத்தகம் வாங்கி அவள் பார்த்ததே இல்லையாம். சாப்பிடுகிற மேஜையில் விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, அந்தக் கடைசி வரியில் கையை வைத்துக்கொண்டு, "பாத்தியா, இத்தனை சின்ன ஆளா இருந்தாலும் என் தப்புதான்" என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்றாள் அம்மா. நீ ஒண்ணும் நினைச்சுக்காதே என்றும் சொன்னாள். நினைத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? முதலாளி எழுதினான், மகிதா சொன்னார், நான் ஆமோதித்தேன், தாங்கள் அச்சடித்தீர்கள். நாலு பேரில் அவருக்குப் பிள்ளையாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அந்தப் படகைக் கட்டியவன் உன்னோ கோஹெய், ஒப்பந்த ஆள். உட்கார்ந்திருப்பவர் உன்னோ இசாமு. விரல்கள் அப்படித்தான் இருக்கின்றன. என் பெயரைப் போடுங்கள், முகவரியையும் போடுங்கள். செப்டம்பரில் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு தொழிற்சாலை இல்லாமல் போய்விடாது. வேறு அப்பா கிடையாது.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறேன். தங்கள் வீட்டார் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். தங்கள் கத்திகள் மழுங்காமலும், தாங்கள் பூசுவது எதுவும் வெளுக்காமலும், தங்கள் இதழ் இன்னும் நூறு வருடம் வரவும் வாழ்த்தி வணங்கி,

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
உன்னோ கோஹெய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகிதா கூப்பிட்டார். அந்தத் துருவை எப்படி வரவழைத்தார் என்று வாசகர்கள் கேட்கிறார்களாம், இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தாங்கள் அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்களாம். "நீயே எழுதிடு, என் நடையில எழுது" என்றார். "உங்க நடை எப்படி இருக்கும் தலைவரே?" என்றேன். "பணிவா இருக்கும்" என்றார். எழுதினேன். துரு வண்ணத்தின்மேல் ஈரத்தோடு உப்பைத் தூவிக் காயவிட்டு, மேலே வெள்ளை அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிடுவதெல்லாம் விவரமாக இருக்கிறது. கடைசிப் பத்தி இது: 'அந்த விரல்கள் உடைந்தவை என்று நான் சொன்னது தவறு. அது யாய்சுவைச் சேர்ந்த உன்னோ இசாமு அவர்களின் கை. விசையின் தடை தேய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை சொன்னார். கவனக்குறைவு அவருடையது அல்ல.' மகிதா முதல் நாலு வரி படித்துவிட்டு, "நல்ல பணிவா இருக்கு" என்று தன் பெயர் முத்திரையைக் குத்தினார். அதே கையோடு என்னை நிரந்தரமாக்கும் செப்டம்பர் பேப்பரையும் எடுத்து அதிலும் குத்திவிட்டார். அவர் கட்டுரை இருக்கும் உறை நாளை தங்களிடம் வந்து சேரும். எனவே மேலே நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். படகை மகிதா அவர்களேதான் கட்டினார், பெரிய கைகாரர். நான் பெட்டி தூக்குகிறவன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு அவருடையதைப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் துருவைப் பற்றியதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தியில் கத்தி வைக்காதீர்கள்.