கால் முளைத்த சமையலறைச் சுவர்

சமையலறைச் சுவர் மறுபடியும் ஓர் அடி உள்ளே போயிருந்தது.

ஸ்கேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். பத்தடியாக இருந்த சமையலறை இப்போது ஒன்பதடி. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. வீட்டு பிளான் வரைவதில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்பதால்தான் ஆபீசில் அவருக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். அவர் போட்ட கோடு அவரைக் கேட்காமல் நகர்ந்ததே கிடையாது.

பழைய சாப்ட்வேர் அவருடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே சமர்த்தாக இருந்தது. போன மாதம் இன்ஜினீயர் அதைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றிவிட்டார்.

"இனிமே எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். லிங்க் இருந்தா போதும், எங்கேர்ந்து வேணா திறக்கலாம்!"

ஸ்கேல் அதைப் பற்றி நான்கு தடவை குறை சொல்லிப் பார்த்தார். நேற்று இன்ஜினீயரிடமிருந்து பதில் கிடைத்தது.

"இன்னொரு குறை வந்துச்சுன்னா, நீங்க வேற ஆபீஸ் பாத்துக்கலாம்."

ஆகவே இன்று வாயைத் திறக்க வழியில்லை. பதினொரு மணிக்கு அந்த வீட்டுக்கார அம்மா வருகிறார், அலமாரி செய்யக் கொடுப்பதற்குச் சமையலறை அளவு வாங்க. ஓர் அங்குலம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளாத ஆள்.

ஸ்கேல் சுவரை இழுத்து இடத்தில் வைத்தார். டீ குடித்துவிட்டு வந்தால், சுவர் உள்ளே.

"பிரவுசர்ல குப்பை சேர்ந்திருக்கும்ணா, எல்லாத்தையும் அழிச்சுடுங்க" என்றாள் பக்கத்து மேசை ரிசப்ஷனிஸ்ட்.

அழித்தார். கூடவே பாஸ்வேர்டும் போனது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. திறந்தால், சுவர் அதே ஒன்பதடியில்.

வேறு வழியில்லாமல், மேசை டிராயரில் ஒளித்துவைத்திருந்த சி.டி.யிலிருந்து பழைய சாப்ட்வேரைத் திருட்டுத்தனமாக ஏற்றி, அதில் சுவரை வரைந்து, பிரவுசரில் சேர்த்தார். இப்போது சுவர் இரண்டு. நடுவில் ஒல்லியான ஆள்கூட ஒருக்களித்துப் போகவேண்டிய சந்து. ஒன்றை அழிக்கப் போய், பதற்றத்தில் இரண்டையும் அழித்துவிட்டார்.

சரியாக அந்த நேரத்தில் இன்ஜினீயரும் வீட்டுக்கார அம்மாவும் உள்ளே வந்தார்கள்.

"எங்கங்க என் கிச்சன்? பெட்ரூமுக்குள்ள அடுப்பு இருக்கே?"

"இதோ, ஒரே நிமிஷம்மா!"

ஸ்கேல் வேர்க்க விறுவிறுக்கச் சுவரை வரைந்தார். மூன்று பேர் கண்ணெதிரே அது மெல்ல நகர்ந்து ஓர் அடி உள்ளே போய் நின்றது.

"சார், என் கை மவுஸ்லயே இல்ல!" இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"புது சாப்ட்வேர் பிடிக்கலைன்னு வேணும்னே பண்றீங்க. நாளைலேர்ந்து வராதீங்க!"

ஸ்கேலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருட வேலை, தான் நகர்த்தாத ஒரு கோட்டுக்காகப் போகிறதே!

இன்ஜினீயர் கட்டட மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேஸ்திரி, பிளான்ல ஏதோ குளறுபடி. அந்தச் சமையலறைச் சுவர் வேலைய நிறுத்தி வைங்க."

"அது போன வாரமே எழும்பிடுச்சு சார், தெரியாம ஒரு அடி உள்ள தள்ளிக் கட்டிட்டோம். இடிக்க மனசு வரல, அதான் நீங்க குடுத்த லிங்க்ல போயி பிளானச் சரிபண்ணிக்கிட்டிருக்கேன். ஆனா உங்க ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் காலைலேர்ந்து அதக் கெடுத்துக்கிட்டே இருக்கான், முதல்ல அவன வேலையவிட்டுத் தூக்குங்க சார்!"